திருத்திய கை

தமிழ்வழியில் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர், தேர்வுக்கு முந்தைய வாரம் தம் குறிப்பேட்டை என்னிடம் தந்து, "பிழை திருத்தித் தாருங்கள் ஐயா" என்றார். ஒற்றுப் பிழைகளைக் களைந்து சென்ற என் சிவப்பு மை ஓரிடத்தில் நின்றது. "வெப்பநிலை உயர உயர உலோகத்தின் மின்தடை மிகும்" என எழுதியிருந்தார். உறைந்த நெய் சூட்டில் இளகி ஓடுவதை அன்றாடம் காண்கிறோமே. மின்சாரம் மட்டும் அவ்வாறு எளிதில் ஓடாதா? 'மிகும்' என்பதை அடித்துக் 'குறையும்' என்றெழுதினேன். அவரும் என்னை நம்பித் தேர்வில் அதையே எழுதிவிட்டார்.

செய்தி அறிந்த இயற்பியல் பேராசிரிய நண்பர் சிரித்தார். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கொணர்ந்து மல்டிமீட்டரால் அளந்து காட்டினார். குளிர்ந்திருந்த டங்ஸ்டன் இழையின் தடை ஏறத்தாழ 65 ஓம். "இதுவே 230 வோல்ட்டில் எரியும்போது 880 ஓம் அளவுக்கு உயரும்" என்று கணக்கிட்டும் காட்டினார். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் முன்னரே கட்டற்றுத் திரிகின்றன. இளக்கி விட வேண்டியதில்லை. சூடேறினால் அணுக்கள் நின்ற இடத்திலேயே மிகுதியாக அதிர்ந்து அவற்றைச் சிதறடிக்கின்றன. அசையாது நிற்கும் கூட்டத்தினூடே நுழைந்து செல்லலாம். முண்டியடிக்கும் கூட்டத்தில் இயலுமா? செம்புக் கம்பியில் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் தடை ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறதாம்.

பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்திலேயே அணைந்துபோனதன் காரணமும் அன்றுதான் விளங்கிற்று. குளிர்ந்த இழையில் தடை குறைவு. மின்னோட்டம் பன்மடங்காய்ப் பாய்கிறது. சுவிட்சை ஓங்கித் தட்டியதாக என் துணைவியாரைக் கடிந்துகொண்டது எத்தனை முறை!

கடுங்குளிரில் எலெக்ட்ரான்கள் உறைந்து தடை பெருகக்கூடும் என்று கெல்வின் பிரபுவே கருதியிருந்தாராம். 1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஆன்னஸின் ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தைச் சுழிக்குக் கீழ் 269 பாகை வரை குளிர்வித்தபோது, தடை அறவே மறைந்தது. அப்பெரியவரும் தவறினார் என்பது எனக்குச் சிறிது ஆறுதல்.

"சிலிக்கான் போன்ற குறைகடத்திகளுக்கு உங்கள் திருத்தம் பொருந்தும்" என்றார் நண்பர். மாணவரோ 'உலோகத்தின்' என்று தெளிவாக எழுதியிருந்தார். சொல்லாராய்ச்சி செய்யும் நான் அச்சொல்லைக் கடந்து சென்றிருக்கிறேன்.

மதிப்பெண் இழந்த மாணவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. குறிப்பேட்டை மீண்டும் கேட்டு வாங்கி, என் சொல்லை அடித்துவிட்டு அவர் சொல்லை எழுதிக் கொடுத்தேன்.