ஒரு மவுத் ஆர்கனும் ஐந்து கட்டையும்

ஊட்டிச் சுற்றுலாவைப் பற்றியும் காலத்தின் அருமையைப் பற்றியும் இந்த மலரில் எழுதத் தோழியர் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத வந்தது ஒரு மவுத் ஆர்கனைப் பற்றி. உள்ளங்கை நீளமேயுள்ள அந்தப் பொருள், உயிர்த்தோழிகளான மூன்று பேரை இரண்டு மாத காலம் முகம் கொடுத்துப் பேச முடியாமல் செய்தது என்றால் நம்புவீர்களா?

எங்களில் இருவர் செங்கற்பட்டுக்காரர்கள். மூன்றாமவள் கோவளத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.) பாடற்குழுவில் எங்கள் மூவருக்குமே இடம் கிடைக்கவில்லை. பாட வராவிட்டால் என்ன, மாதா பிறந்த நாள் விழாவில் பாடற்குழுவோடு சேர்ந்து வாசிப்போம் என்று ஒரு வாத்தியம் வாங்கக் காசு சேர்த்தோம். நாங்கள் இருவரும் போட்டது அப்பா தரும் கைச்செலவுக் காசு. அவள் போட்டது கோடை விடுமுறையில் மாமல்லபுரம் கடற்கரையில் சங்குமாலை விற்ற காசு. எண்ணிப் பார்த்தபோது பாதிக்கு மேல் அவளுடையதாகவே இருந்தது.

கடையில்தான் வினை தொடங்கியது. மவுத் ஆர்கன் என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைத்திருந்தோம். கடைக்காரரோ பத்துத் துளை உள்ளவற்றை வரிசையாக எடுத்து வைத்து, "எந்தச் சுருதிம்மா?" என்றார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சி, டி, ஜி, ஏ என்று ஓர் எழுத்து. பன்னிரண்டு சுருதிக்கும் பன்னிரண்டு தனித்தனி வாத்தியமாம்! ஆர்மோனியத்தில் சி என்பது ஒரு கட்டை, ஜி என்பது ஐந்து கட்டை என்பது மட்டும் பாட்டு வகுப்பில் கேட்ட நினைவு இருந்தது. "பாடற்குழு ஐந்து கட்டையில்தானே பாடுகிறது, ஜி வாங்கலாம்" என்றாள் அவள். "எல்லாரும் சியில்தான் தொடங்குவார்கள், பாடப் புத்தகமெல்லாம் அதற்குத்தான்" என்றோம் நாங்கள். இரண்டுக்கு ஒன்று. சி வாங்கினோம். வீடு திரும்பும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களில் ஒருத்தியின் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் மவுத் ஆர்கன் வாசித்தவர். அவர்தான் எங்களுக்கு ஆசிரியர். ஜெர்மனியில் டிராசிங்கன் என்னும் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் 1857-இல் இந்த வாத்தியத்தைச் செய்து விற்கத் தொடங்கிய கதையை அவர்தான் சொன்னார். 1964-இல் வந்த 'தோஸ்தி' என்ற இந்திப் படத்தில் கால் ஊனமுற்ற சிறுவன் வாசிப்பதாக வருமே, அதை உண்மையில் வாசித்தவர் ஆர்.டி.பர்மன் என்பதையும் சொன்னார். "ஜி வாத்தியத்தில் ரீடுகள் நீளம், ஓசை கனம், புதியவர்களுக்கு மூச்சு வாங்கும். எஃப் வாத்தியம் கீச்சென்று காதைக் குத்தும். சி நடுத்தரம். கற்றுக்கொள்ள நல்லதுதான்" என்றார். எங்கள் இருவருக்கும் தலை கால் புரியவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தோம். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு துளையில் ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறொரு ஸ்வரம். நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளைவரை ச ரி க ம ப த நி ச முழுதாக வருகிறது. ஆறாம் துளைவரை ஊதி, உறிஞ்சி என்று போகிற வழக்கம் ஏழாம் துளையில் தலைகீழாகிவிடும். முதலில் உறிஞ்ச வேண்டும், பிறகு ஊத வேண்டும். அங்கே தடுக்கி விழாதவர் எங்களில் யாரும் இல்லை. கீழே முதல் மூன்று துளைகளிலோ மத்திமமும் தைவதமும் கிடையவே கிடையாது. பக்கத்துத் துளைகளைச் சேர்த்து ஊதினால் இனிமையாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக அவற்றை விட்டுவிட்டார்களாம். ஒருத்தி வாசித்ததை மற்றொருத்தி வாங்கி வாசிப்பதைக் கண்ட சிஸ்டர், "என்ன பிள்ளைகளா, எச்சில் வாத்தியமா?" என்று கேட்டார்கள். அதன்பின் மூன்று கைக்குட்டைகள் வந்தன.

ஆகஸ்டு மாதம் முதல் ஒத்திகைக்குப் போனோம். பாடற்குழு ஐந்து கட்டையில் எடுத்தது. நாங்கள் சி வாத்தியத்திலேயே ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு சேர்ந்தோம். நான்கு அடி நன்றாகவே போயிற்று. நிஷாதம் வந்ததும் பாட்டு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பாடற்குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் அதே இடம், அதே பிசகு. ஒரு கட்டைக்குப் பாட்டைக் கொண்டு போனால் என்ன என்று சிஸ்டர் முயன்று பார்த்தார்கள். தாழ்ந்த இடத்தில் பாதிப் பேருக்குக் குரலே வரவில்லை, மேலே எடுத்தால் கத்தலாயிற்று. "வேண்டாம், பிள்ளைகள் பாடட்டும்" என்றார்கள் சிஸ்டர். நாங்கள் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

தாத்தா சிரித்தார். "அவர்கள் சங்கராபரணம் பாடுகிறார்கள். நீங்கள் ஹரிகாம்போஜி வாசிக்கிறீர்கள். உங்கள் வாத்தியத்தில் ஜியிலிருந்து எண்ணினால் பெரிய நிஷாதம் இல்லை, சின்ன நிஷாதம்தான் இருக்கிறது. மூச்சை வளைத்து இல்லாத ஸ்வரத்தை எடுக்கும் வித்தை உண்டு. அது உங்களுக்கு இப்போது ஆகாது." ஜி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவளுடைய காசு, அவளுடைய யோசனை, இரண்டையும் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து வீணாக்கியிருந்தோம்.

ஆகஸ்டு 15, மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் புறப்பட்டோம். முன்பே சொல்லி வைத்ததால் போகாமல் இருக்க முடியவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கே இறங்கிக் கோவளத்துக்கு வேறு பஸ். நடுவில் நேரம் இருந்ததால் கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். எழுந்தபோது எங்களில் ஒருத்தியின் மடியிலிருந்து மவுத் ஆர்கன் மணலில் விழுந்தது. தட்டினோம், உதறினோம். ஐந்தாம் துளையில் உறிஞ்சினால் காற்று மட்டும் வந்தது. மணல் ஒன்று ரீடில் சிக்கிக்கொண்டது. அழுகை வராத குறைதான். அவள் மட்டும், "பஸ் வருது, வாங்கடி" என்றாள்.

கார்மேல் மாதா ஆலயத்தில் வணங்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். வஞ்சிர மீன் குழம்பு. சாப்பிட்டு முடிந்ததும் அவளுடைய பாட்டி, "என் பேத்தி காசு போட்டு வாங்கின பீப்பீயைக் கொஞ்சம் ஊதிக் காட்டுங்க" என்றார். நாங்கள் இருவரும் தலை குனிந்தோம். அவள் வாங்கி, ஆறாம் துளையில் ஊதி ஒரு ஸ்வரம் கொடுத்தாள். கட்டை என்றால் என்னவென்று அறியாத அந்தப் பாட்டி, அந்த ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியில் பிடித்துக்கொண்டு, கரைவலை நாளில் பாடும் பழைய மாதா பாட்டு ஒன்றை எடுத்தார். அவள் ஒரு ஸ்தாயி மேலே கூடவே வாசித்தாள். முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிசகும் இல்லை!

எங்களுக்கு நம்ப முடியவில்லை. அவள் கெட்டுப்போன துளையைத் தொடவே இல்லையே! ஊருக்கு வந்து தாத்தாவிடம் பாடிக் காட்டினோம். "இது மோகனம். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். மத்திமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. சி வாத்தியத்தில் இந்த ராகம் ஒரு கட்டையிலும் வரும், நாலு கட்டையிலும் வரும், ஐந்து கட்டையிலும் வரும். ஒரு வாத்தியத்துக்குள்ளே மூன்று!" என்றார். பிறகு இரண்டு சிறு திருகாணிகளைக் கழற்றி, தலைமயிர் ஒன்றை உள்ளே விட்டு மணலை எடுத்தார்.

செப்டம்பர் 8-ஆம் நாள் பாடற்குழு அந்தக் கோவளத்துப் பாட்டை ஐந்து கட்டையில் பாடியது. வாசித்தவள் அவள். நாங்கள் இருவரும் மேடையில் கைக்குட்டையோடு நின்றோம். கடைசி அடியில் அவள் மூச்சு வாங்குவதற்காக ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டாள்; பாட்டி அங்கே இழுத்துப் பாடுவார், இவளால் முடியவில்லை. கீழே இருந்த யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பொதுத் தேர்வு முடிந்ததும் அவள் ஊருக்குப் போய்விடுவாள். மவுத் ஆர்கன் இப்போதே கோவளத்தில்தான் இருக்கிறது. உப்புக்காற்று படாமல் பாட்டி அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாராம். இங்கே நாங்கள் ஒரு பழைய பவுடர் டப்பாவின் மேல் 'ஜி' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அவள் பத்து ரூபாயை நீட்டினாள். இந்த முறை அவளிடம் வாங்கவில்லை.