இரண்டு பேருக்கு ஒரு கடற்கரை

கனடாவிலுள்ள மகன் தொலைபேசியில் சொன்னான்: "உம்மா, ஹோட்டல் பொயின்ற்ஸ் சேர்ந்து கிடக்குது. நீங்களும் வாப்பாவும் இரண்டு இரவு கடற்கரையில தங்குங்க." அங்கே குளிர்காலத்தில் சனங்கள் கரிபியன் தீவுகளுக்கு இப்படிப் போவதுண்டாம்.

பொயின்ற்ஸ் அந்தக் கம்பனியின் ஹோட்டல்களில் மட்டுமே செல்லும். என் கணவரோ மாம்புரிதான் வேண்டும் என்றார். அங்கே அவர்களுக்கு ஹோட்டல் இல்லை. "அதை நீயும் மருமகளும் பாவியுங்க" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சீட்டுக் காசில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்தோம். வரியும் சாப்பாடும் விலையில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். ஆகையால் பெப்ரவரியில் போனோம்.

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டி பஸ்ஸில் போகலாம். 2010இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் தூரத்திலேயே தெரிகின்றன.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். அதன்பின் அவர் கடற்கரைக்கே போனதில்லை. அன்று மாலை முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். "இதே தண்ணிதான்" என்றார். வந்த அன்று எங்களுக்குச் சோறு தந்தவர்களும் இந்தப் பக்கத்து மக்களே என்பதை இருவரும் பேசிக்கொண்டோம்.

சகோதரிகளே, பிள்ளைகள் தரும் ஓய்வை மறுக்காதீர்கள். எந்தக் கடல் என்பதை மட்டும் நீங்களே தெரிவு செய்யுங்கள்.