எனக்காக நின்றவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் வீட்டில் அத்தைக்கும், நாத்தனாருக்கும், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் என் கூட்டாளிகளுக்கும், நான் இதுவரை முகம் பார்த்திராத கோழிக்கோட்டுக் கடைப் பெண்களுக்கும் சொல்ல வேண்டிய நன்றி என்னிடம் சேர்ந்து கிடக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கிறவள் எழுதுகிறாள் என்று தெரிந்தால் மற்றவர்களுக்குப் போதும்.

தீபாவளி முடிந்துவிட்டது. ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், பிறகு தீபாவளி என்று நமக்கு ஓட்டம் நிற்பதே இல்லை. கடைசி வாரத்தில் விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் கால் வைக்க இடமிருக்காது. கடைக்குள் சாப்பாட்டு நேரம், கை கழுவவும் நாலு வாய் அள்ளிப் போடவும் மட்டும் என்றாகிவிடும். அந்தக் கூட்டம் வடிந்த பிறகுதான் நின்று யோசிக்க முடிகிறது. யோசித்தால், இதில் ஒரு நாளைக்கூட நான் தனியாளாகக் கடந்திருக்க முடியாது என்பது நன்றாகத் தெரிகிறது.

இந்தக் கடையில் சேர்ந்தபோது எனக்குச் சேலை கட்டத் தெரியும், காட்டத் தெரியாது. காட்டக் கற்றுக் கொடுத்தது நீங்கள். பிரித்ததும் முந்தியைக் காட்ட வேண்டும்; முந்தி மனசுக்குப் பிடித்தால்தான் உடலைப் பார்ப்பார்கள்; அப்புறம் பார்டர்; ஜாக்கெட் துண்டு கடைசியில். ஓரத்தை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒரே வீச்சில் விட்டால் ஐந்தரை மீட்டரும் மெத்தைமேல் விரிந்து விழ வேண்டும். நான் விட்டால் பாதியிலேயே சுருட்டிக்கொள்ளும். நீங்கள் சிரிக்கவில்லை. திரும்ப மடித்து என் கையில் கொடுத்து, "இன்னொரு தடவ விடுத்தா" என்பீர்கள். மடிப்பதுதான் இன்னும் கஷ்டம். பழைய மடிப்புத் தடம் விரலுக்குத் தட்டுப்படும், அதன் வழியாகவே மடித்துக்கொண்டு போக வேண்டும், புதுத் தடம் விழுந்தால் பட்டில் சரிகை நலுங்கிப் போகும் என்று என் விரலைப் பிடித்துத் துணிமேல் வைத்துக் காட்டினீர்கள். இப்போதெல்லாம் கஸ்டமரிடம் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே மடித்து அடுக்கிவிடுகிறேன். விரலுக்குத் தெரிகிறது.

சுங்குடிச் சேலை விற்கும்போது உங்களைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை வருகிறவர்களிடமெல்லாம் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி சொல்வீர்கள். புள்ளிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அது கையால் முடிச்சுப் போட்டது, எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருந்தால் பிரிண்ட் என்று வாடிக்கையாளருக்கே சொல்லிக் கொடுத்து, பிரிண்டை எடுத்தவரிடம் "இது பிரிண்ட்டுதாம்மா, தெரிஞ்சு வாங்கிக்கங்க" என்பீர்கள். அதனால் கைவிட்டுப் போன விற்பனையும் உண்டு. அடுத்த வருஷம் அதே ஆட்கள் உங்களைத் தேடி வந்ததும் உண்டு.

இதையெல்லாம்விட நான் உங்களிடம் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து தாயும் மகளுமாகக் கல்யாணச் சேலை எடுக்க வந்தார்கள். நான் அழகானதாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மகளின் கண் சேலைமேல் இருந்தது. தாயின் கை மட்டும் துணிக்கு அடியில் போய் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நான் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்தீர்கள். "எவ்வளவு ரேஞ்சுல வேணும்" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்காமல், "இதே மாம்பழ மஞ்சள்ல இன்னொண்ணு இருக்கு, ஒங்க பொண்ணு நிறத்துக்கு அது இன்னும் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, கீழ் ரேக்கிலிருந்து பாதி விலைச் சேலையை எடுத்து மகளின் தோளில் போட்டீர்கள். கண்ணாடி முன்னால் அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தாய் சீட்டைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாத டார்கெட்டில் நீங்கள் பின்தங்கியிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது மேல் ரேக் கட்டுகளை என்னைத் தொடவே விட்டதில்லை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மாடி ஏற வேண்டும், கவுண்டரில் ஆள் இருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள், "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று என் பக்கம் நகர்ந்து நிற்பீர்கள். நான் லீவில் போவதற்கு முந்தைய மாதம், நீங்கள் விற்ற சில சேலைகளுக்கு பில் போடும்போது உங்கள் நம்பருக்குப் பதில் என் நம்பரைச் சொன்னதும் எனக்குத் தெரியும். அந்த இன்சென்டிவ் பணத்தில் பிள்ளைக்கு என்னென்ன வாங்கினேன் என்று உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தொட்டில் கம்பும் சங்கும் அதில் வாங்கியவைதான்.

இதற்கு முன்பு நான் வேலை பார்த்த கடையில் உட்காரக் கூடாது. கஸ்டமர் இல்லாத மத்தியான வேளையிலும் சுவரில் சாயக் கூடாது. இரவு வீட்டுக்குப் போனால் செருப்பின் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பெண்கள் அங்கே பலர். எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் நம் மாநிலத்தின் 1947-ஆம் வருஷக் கடைகள் சட்டத்திலேயே உண்டு. ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் உட்காரலாமா என்பதை அந்தச் சட்டம் பேசவில்லை.

அதைப் பேச வைத்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் பெண்கள். அந்தத் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர், கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உண்டாக்கினார். முதலில் அவர்கள் கேட்டது கழிவறை. கழிவறை இல்லாத கடைகளில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நின்ற பெண்கள் அவர்கள். அடுத்துக் கேட்டது, உட்கார உரிமை. திருச்சூரில் ஒரு துணிக்கடைப் பெண்கள் 2014 டிசம்பர் கடைசியில் கடைக்கு வெளியே உட்கார்ந்து போராடத் தொடங்கி நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அந்த வருஷம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 2021 செப்டம்பர் 6 அன்று, நம் சட்டமன்றத்தில் அதே போன்ற மசோதா வந்தது. நமது 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். கேரளத்துக்கு அடுத்து இப்படிச் சட்டம் கொண்டு வந்தது தமிழ்நாடுதான்.

கோழிக்கோட்டு அக்காக்களே, உங்கள் மொழி எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் போராட்டத்தில் வேலை போயிற்று, வீட்டில் எத்தனை பேச்சுக் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் இப்போது ஸ்டூல் கிடக்கிறது. மத்தியானம் கூட்டம் குறைந்தால் மாறி மாறி உட்காருகிறோம். என் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டூல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அதை எந்தச் சட்டத்தாலும் மாற்ற முடியாது, வருகிறவர்கள்தான் மாற்ற வேண்டும். மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "எந்திரிக்காதம்மா, உக்காந்தே காட்டு" என்று சொன்ன அந்த நரைத்த தலை டீச்சரம்மாவுக்கும், பார்த்த சேலைகளைப் போகும் முன் தானே பாதி மடித்து வைத்துவிட்டுப் போகும் பெண்களுக்கும், ஒன்றும் எடுக்காமல் கிளம்பினாலும் "ரொம்ப நேரம் காட்டுனீங்க" என்று ஒரு வார்த்தை சொல்பவர்களுக்கும் என் நன்றி. அந்த ஒரு வார்த்தை அன்றைய நாளையே மாற்றிவிடும்.

அத்தை, உங்களுக்கு எங்கிருந்து தொடங்குவது? இரவு நான் படியேறும் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவீர்கள். ஆறிய சோற்றை நான் சாப்பிட்டதாக நினைவே இல்லை. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவதும் நீங்கள்தான். அங்கே அவனுக்குக் காலைச் சாப்பாடும் கிடைத்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைத்துப் போடும் மகளிர் குழுப் பெண்கள் நம்மைப் போலவே விடியலில் வீட்டை விட்டு வருகிறவர்கள். "இன்னிக்கு ரெண்டு தடவ வாங்குனேம்மா" என்று இரவில் அவன் தூக்கக் கலக்கத்தில் சொல்லும்போது அந்தப் பெண்களைக் கும்பிடத் தோன்றும். சாதாரண நகரப் பேருந்தில் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், அந்தக் காசை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். அவனுடைய சைக்கிள் அதிலிருந்து வந்தது.

நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஊரே விருந்துக்குப் போகும் நாளில் நாம் சேலை விரித்துக்கொண்டு நிற்போம். எனக்கு வார விடுமுறை புதன். குலதெய்வக் கோயிலில் உங்கள் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, ஞாயிறு வைத்தால் நாலு சனம் கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். "தாய்மாமன் மடியில பிள்ள உக்காரும்போது பக்கத்துல அத்தக்காரி இல்லாம எப்பிடி" என்று நீங்கள் புதன்கிழமையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சனம் குறைவாகத்தான் வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதபோது வாயில் சர்க்கரை வைத்தது நான். எத்தனையோ விசேஷங்களை போட்டோவில் மட்டும் பார்த்தவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டாளிகளே, உங்களுக்கு நீளமாக எழுதினால் கிண்டல் செய்வீர்கள். மெடிக்கல் கடையிலும் செல்போன் கடையிலும் நிற்கும் உங்களுக்கு என் கால்வலியை விளக்க வேண்டியதே இல்லை. இரவு கடை அடைத்த பிறகு பேருந்து நிறுத்தத்தில் ஒருவருக்கொருவர் காத்து நின்று, ஒரே பேருந்தில் ஏறிப் போகிற அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு யார் என்ன திட்டினார்கள் என்பதையெல்லாம் பேசி இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குள் போக முடிவது உங்களால்தான்.

அக்கா, கார்த்திகையோடு நின்றுவிடப் போவதாகச் சொன்னீர்கள். டாக்டர் இனி நிற்கவே கூடாது என்றிருக்கிறார். தடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு மடிக்கச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். அவளுக்கும் விரித்தால் பாதியில் சுருட்டிக்கொள்கிறது.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றீர்கள். முகூர்த்தச் சேலைக்கு வேறு கடையில் போய் விசாரிக்க வேண்டாம். தை முகூர்த்தச் சரக்கு மார்கழியில் வந்து இறங்கும். நல்லதாகப் பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன். புதன்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள், காலையில் வெள்ளனே வந்தால் கூட்டம் இருக்காது. மெத்தைக்கு இந்தப் பக்கம் நான் விரித்துக் காட்டுகிறேன், அந்தப் பக்கம் நீங்களும் மகளும் உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கிற வரைக்கும் எடுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி,
சேலைப் பிரிவு