கல் தேரும் ஒரு ஸ்பூன் நீரும்

கோடை விடுமுறைக்கு இவருடைய அப்பத்தா ஊரான குன்றாண்டார்கோவிலுக்குப் போயிருந்தோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பாறையைக் குடைந்த சிவன் கோவிலும், சக்கரமும் குதிரையுமாகத் தேர்போல அமைந்த கல் மண்டபமும் பார்க்க ஆசை. ஆனால் போன அன்றிரவே எனக்கும் மூன்று வயது மகனுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு!

தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமோ என்று பயந்தேன். "போனதைத் திருப்பி ஊத்தணும்ல ஆத்தா!" என்றார் அப்பத்தா. உண்மைதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் பல உயிர்களைக் காத்தது இந்த உப்பு, சர்க்கரைக் கரைசலால்தானே!

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கவில்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தேன். அளவு கூடக்கூடாது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன், நானும் குடித்தேன். பசித்தபோது குழைந்த சாதம்.

கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள், சகோதரிகளே.

மூன்றாம் நாள் கோவிலுக்குப் போனோம். கல் குதிரையைத் தடவிய மகன் சொன்னான்: "அம்மா, குதிரைக்கும் ஒரு ஸ்பூன் கொடும்மா!"