வேண்டுவதை வெளியே சொல்லல்

புத்தளம் மாவட்டத்தில், மதுரங்குளிக்கு அண்மையிலுள்ள கனமூலையில், சிறு பலசரக்குக் கடையொன்றில் நெடுங்காலமாகக் கடன் கொப்பி ஒன்று இருந்துவந்தது. களப்பில் தொழில்செய்வோரும் தென்னந்தோட்டக் கூலியாளரும் அதிற் பெயர் எழுதிவைத்தே அரிசியும் சீனியும் பெற்றனர். பல்கலைக்கழகத்திற் கணினி கற்ற கடைக்காரரின் மகன், விடுமுறையொன்றில் அக்கொப்பியைச் செய்நிரலாக மாற்ற முனைந்தான். கணக்கைப் பதிவதும், நிலுவை மிகுந்தோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் அதன் பணிகள்.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தில் ஒவ்வொரு பணியும் ஒவ்வொரு வகுப்பிடம் ஒப்படைக்கப்படும். அவன் எழுதிய ‘கடன் கணக்கு’ என்னும் வகுப்பு, தனக்குத் தேவையான ‘செய்தி அனுப்பி’யைத் தன்னுள்ளேயே ஆக்கிக்கொண்டது. பார்வைக்கு இது தன்னிறைவு போலத் தோன்றிற்று. ஆயின், ஓரிரவு கூட்டற் கணக்கைச் சோதிக்கும் நோக்குடன் அவன் அதனை இயக்கியபோது, உள்ளே மறைந்திருந்த அனுப்பியும் உடனியங்கிற்று. நிலுவை கேட்கும் செய்தி பல வீடுகளுக்குச் சென்றது. அவற்றுள் ஒன்று, அன்று பிற்பகலிலேதான் ஜனாஸா எடுக்கப்பட்ட வீடு. மறுநாட் காலை வாப்பா அங்கே சென்று தலைகுனிந்து நின்றார். கடையைத் திறந்தபின்னும் மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கொப்பி ஒருபோதும் அவரை அந்நிலைக்கு உள்ளாக்கியதில்லை.

பிழை கூட்டலில் இல்லை. சார்பு ஒளிந்திருந்ததிலேயே இருந்தது. ஒரு வகுப்புத் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்காது, தான் உருவாகும் வேளையில் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளுதலே இதற்குப் பரிகாரம். 2004 இல் மாட்டின் பௌலர் எழுதிய கட்டுரையொன்று இம்முறைக்கு ‘டிப்பென்டன்சி இன்ஜெக்ஷன்’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தது. சார்பு உட்செலுத்தல் எனத் தமிழிற் கூறலாம். அவ்வாறு மாற்றியபின், சோதனையின்போது மெய்யான அனுப்பிக்குப் பதிலாக, செய்தியைக் கோப்பொன்றில் எழுதிவைக்கும் போலி அனுப்பியைக் கொடுத்துவிடலாம். கடன் கணக்கிற்கு அவ்வேற்றுமை தெரிவதில்லை.

வகுப்புகள் பெருகுமிடத்து, எதற்கு எதைக் கொடுப்பது என்பதே தனிப்பணியாகிவிடும். அப்பணியை ஏற்பதே கொள்கலன். ஜாவா மொழியினருக்கு 2004 இல் ஸ்பிரிங்கின் 1.0 பதிப்பு இதனை வழங்கிற்று. 2005 இல் இலங்கையில் தொடங்கப்பெற்ற டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் கார்பன் தளத்திலும், கூறுகள் தம் சேவைகளைப் பதிவுசெய்ய, அவற்றை வேண்டும் பிற கூறுகளுடன் அவை இணைக்கப்படுகின்றன. ஆயினும் மாணவனொருவன் தானே ஆக்கக்கூடிய எளிய கொள்கலனுக்குச் சில பத்து வரிகளே போதும்.

அதன் உள்ளம் ஒரு பட்டியல். ஒரு புறம் பெயர். மறுபுறம் அப்பெயருக்குரிய பொருளை ஆக்கும் செயற்கூறு. ஒரு பொருள் கேட்கப்பட்டதும், கொள்கலன் அது வேண்டும் சார்புகளை முதலில் ஆக்கும். அச்சார்புகளுக்கும் சார்புகள் இருப்பின் அவற்றை அதற்கும் முன்னர் ஆக்கும். தரவுத்தள இணைப்புப் போன்று ஒன்றே போதுமானவற்றை ஒருமுறை ஆக்கிச் சேமித்துவைக்கும். முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது முதலாவதையும் வேண்டி நின்றால் முடிவில்லாச் சுழல் தோன்றும். ஆதலின், ஆக்கப்பட்டுக்கொண்டிருக்கும் பெயர்களைக் குறித்துவைத்து, ஒரு பெயர் மீண்டும் வந்தால் பிழையறிவித்து நிற்றல் வேண்டும்.

இங்கு எச்சரிக்கையொன்று உண்டு. வகுப்புகள் கொள்கலனையே கையில் வைத்துக்கொண்டு வேண்டியபோதெல்லாம் அதனிடம் கேட்கத் தொடங்கினால், சார்பு மீண்டும் ஒளிந்துகொள்ளும். தோணிக்கும் வலைக்கும் முற்பணத்திற்கும் ஒரே சம்மாட்டியாரை நாடும் தொழிலாளியின் நிலையே அவற்றுக்கும் நேரும். கொள்கலன் வாயிலில் நின்று கொடுத்தனுப்பவேண்டுமேயன்றி, உடன் கடலுக்குச் செல்லலாகாது.

விடுமுறை முடியுமுன் திருத்திய செய்நிரலை மகன் கடையிற் காட்டினான். வாப்பா திரையை நெடுநேரம் பார்த்தார்.

“இது யாருக்கு அனுப்பும், மகன்?”

“நீங்க குடுக்கிற ஆளுக்கு மட்டுந்தான், வாப்பா. அதுவாப் போய்த் தேடாது.”

அவர் கடன் கொப்பியை அவன் பக்கம் நகர்த்தினார். அந்த வீட்டின் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் ஏற்கெனவே கிழித்தெடுத்திருந்தார்.