பேரைப் போடுங்க சார்!

சக் பெர்ரியின் சுயசரிதையை (1987) ஆபீஸ் டிராயருக்குள் ஒளித்து வைத்துத்தான் படித்து முடித்தேன். ராக் அண்ட் ரோல் கிடாருக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர். வரி ஏய்ப்புக்காக 1979-ல் உள்ளே போனபோது எழுத ஆரம்பித்த புத்தகம். ஆள் வைத்து எழுதவில்லை, எல்லாம் சொந்தக் கை.

1955-ல் அவருடைய 'மேபலீன்' ரெக்கார்டு வெளிவந்தது. எழுதியவர்கள் என்று மூன்று பெயர்! ஒருவர் ரேடியோவில் பாட்டைப் போட்டுத் தள்ளிய ஆலன் ஃப்ரீட். இன்னொருவர் ரஸ் ஃப்ராட்டோ, கம்பெனிக்கு வேண்டியவர். இரண்டு பேரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ராயல்டியில் மட்டும் பங்கு. அந்தப் பெயர்களை நீக்க 1986 ஆயிற்று!

பிற்காலத்தில் பணத்தை எண்ணி வாங்கிய பிறகே மேடை ஏறுவாராம். 'சரியான கஞ்சன்' என்று நினைத்திருந்தேன். சூடு கண்ட பூனை என்று இப்போதுதான் புரிகிறது.

போன மாசம் மூணு ராத்திரி கண் விழித்து நான் தயாரித்த ரிப்போர்ட், மேனேஜர் பெயரில் மேலே போயிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு நேரே அவர் ரூமுக்குப் போனேன்.

"சார், அதுல என் பேரும் வரணும்."

முறைத்தார். "அடுத்த தடவை பார்க்கலாம்ப்பா."

பெர்ரி 31 வருஷம் காத்திருந்தார். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கே 27 வருஷம்தான் பாக்கி!