அப்பாயியின் ஆண்டுக் கணக்கு

அப்பாயிக்குப் பிறந்த தேதி கிடையாது. "கொள்ளிடத்துல பெருவெள்ளம் வந்துச்சுல்ல, அந்த ஆடியில எங்கம்மா என்னைப் பெத்துச்சு" என்பார். காவிரியும் கொள்ளிடமும் கரையை உடைத்துத் திருச்சி, தஞ்சைச் சீமையை மூழ்கடித்த அந்த வெள்ளம் வந்தது 1924-இல். ஆதாருக்குப் படம் எடுக்க வந்த பையனிடமும் இதையேதான் சொன்னார். அவன் முகத்தைப் பார்த்து, உத்தேசமாக 1930 என்று போட்டுக்கொண்டான். "கொறச்சுத்தானே போட்டிருக்கான், இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

அவருக்கு ஆண்டுகள் எண்களாக இருந்ததில்லை. மேட்டூர் அணை கட்டி முடித்தபோது தலையில் கூடை தூக்கும் வயசு என்பார், அது 1934. சாரதா சட்டம் பெண்ணுக்குக் கல்யாண வயது பதினாலு என்று வைத்திருந்தது. பதினாலு முடிந்த தையிலேயே கல்யாணம். கொள்ளிடக் கரையிலிருந்து மன்னார்குடிக்குத் தெற்கே வாழ வந்தார். மூத்த பிள்ளை, பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே திரும்பி வந்த வருசம். அடுத்தது உணவு தானியத்துக்குக் கட்டுப்பாடு இருந்த கண்ட்ரோல் காலம். விளைந்த நெல்லை வைத்துக்கொண்டே கேழ்வரகுக் கூழ் குடித்த கதையைச் சொல்லும்போது மட்டும் குரலில் கோபம் ஏறும். 1952-இல் ராஜாஜி கண்ட்ரோலை எடுத்தார். அதே வருசக் கார்த்திகையில் புயல் வந்தது. "ஒரு கையால குடுத்து ஒரு கையால பறிச்ச வருசம்" என்பார்.

பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் நாங்கள் முந்திக்கொண்டு ஆறு என்போம். அவர் ஒன்பது என்பார். பெயர் வைக்கும் முன்பே போன ஒன்று, அம்மையில் போன ஒன்று, நடக்கத் தொடங்கிக் காய்ச்சலில் போன ஒன்று. மூன்றையும் சேர்க்காமல் அவர் கணக்குச் சொன்னதே இல்லை. என் அப்பா அவருக்கு நாலாவது பிள்ளை அல்ல, ஆறாவது பிள்ளை என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

சாதுவான மனுஷி என்று சொல்ல முடியாது. வாய்க்கால் தண்ணீருக்காக நடுராத்திரியில் மண்வெட்டியோடு போய்ச் சண்டை போட்டவர். பால் விற்ற காசைச் சேர்த்து இரண்டு மா நிலம் தன் பெயரில் வாங்கினார். 1989-இல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. என் அத்தைகள் எல்லோரும் அந்தக் கணக்கில் வெளியே நின்றவர்கள். "சர்க்காரு விட்டா விடட்டும், நான் விடுவேனா?" என்று அந்த இரண்டு மாவையும் அத்தைகளுக்கே எழுதி வைத்தார். பெரியப்பா ஆறு மாதம் பேசவில்லை. அப்பாயி அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவு அவருக்கு வயது 94. மின்சாரம் போய்விட்டது, தொலைக்காட்சி இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. ஓடுகள் பறக்கும் சத்தத்துக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "காத்து நின்னுடுச்சுன்னு யாரும் கதவைத் தொறக்காதீங்க. தெக்கேருந்து திரும்பி அடிக்கும். அம்பத்திரெண்டுல மாட்டை அவுத்துவிடப் போனவங்கள்லாம் அப்படித்தான் போனாங்க." புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசும் என்று வானிலை ஆய்வாளர்கள் படம் போட்டு விளக்குவார்கள். அப்பாயிக்கு அது 28 வயதில் கண்ணால் பார்த்த சங்கதி. சித்தப்பா பிடித்திருந்த தாழ்ப்பாளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அன்று திசை மாறி அடித்த காற்றில்தான் எங்கள் தென்னைகளில் பாதி சாய்ந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த தையில், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். நோவு நொடி இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனரில் "தியாகச் சுடர்" என்று போட்டிருந்தார்கள். படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. தியாகம் என்ற சொல்லுக்குள் அந்த மண்வெட்டி இல்லை, இரண்டு மா பத்திரம் இல்லை, ஒன்பது என்ற பிடிவாதமும் இல்லை. அம்மாக்களையும் பாட்டிகளையும் நாம் உயரத் தூக்கி வைப்பதே அவர்களை உற்றுப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானோ என்று தோன்றுகிறது.

வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால், அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். கல்யாணத்தன்று யார் வண்டி ஓட்டினார்கள், முதன்முதலில் சொந்தக் காசில் என்ன வாங்கினீர்கள், யாரோடு சண்டை, எந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேனருக்கு அடைமொழி தேடும் நாளில் அவர்களிடம் கேட்க முடியாது.